காலிஸ்டெமோனா, மெலலூக்காவா? ஒரே மாதிரிப் புதர்களும் ஓயாமல் மாறும் பெயர்களும்

#1 செவ்வந்தி (மேற்கு சிட்னி)

எல்லோருக்கும் வணக்கம். வேலியோரம் முழுக்க இந்த ஊர் மண்ணின் செடிகளாகவே வைக்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். சிவப்புப் பூ பாட்டில் பிரஷ் மூன்று வைத்திருக்கிறேன். ஒன்றின் லேபிளில் 'காலிஸ்டெமோன் சிட்ரினஸ்'. வேறு நர்சரியில் வாங்கிய இரண்டாவதில் 'மெலலூக்கா சிட்ரினா'. மூன்றாவது ஒரு சந்தையில் வாங்கியது, லேபிளே கிடையாது. 'ரெட் பாட்டில் பிரஷ்' என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள்.

முதல் இரண்டுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. மூன்றாவதன் இலை மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. கேட்டால் ஒருவர் காலிஸ்டெமோன் என்ற பெயரே செத்துவிட்டது என்கிறார், இன்னொருவர் அதுதான் சரியான பெயர் என்று அடித்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி? வேலிக்கு வைக்கும் லில்லி பில்லிச் செடியிலும் இதே கூத்துதான்: 'அக்மினா' என்று ஒரு தொட்டி, 'சிசிஜியம்' என்று ஒரு தொட்டி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வேலிப்பருத்தி (புளூ மவுண்டன்ஸ்)

வாங்க செவ்வந்தி. முதல் இரண்டும் ஒரே செடிதான். ஒரு நர்சரி பழைய பெயரிலும் இன்னொன்று புதுப்பெயரிலும் விற்கிறது, அவ்வளவே. லேபிளைப் படித்தாலே போதும், செடியைப் பார்க்கக்கூட வேண்டாம்.

மூன்றாவதற்குத்தான் செடியைப் பார்க்க வேண்டும். பாட்டில் பிரஷ் என்று நம் கண்ணில் படுவது ஒரு பூ அல்ல, தண்டைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பல பூக்கள். அதிலிருந்து ஒரே ஒரு பூவை நகத்தால் கிள்ளி எடுங்கள். இதழ்கள் மிகச் சிறியவை, இருப்பதே தெரியாது. சிவப்பாகத் தெரிவதெல்லாம் மகரந்தத்தாள்கள். அந்தச் சிவப்பு இழைகளில் ஒன்றைப் பிடித்து மெதுவாக இழுங்கள். தனியாகக் கழன்று வந்தால் காலிஸ்டெமோன் கூட்டத்துச் செடி. ஒன்றை இழுக்கும்போது கூடவே ஒரு கொத்தே வருகிறது, ஒரு பூவில் இப்படி ஐந்து கட்டுகள் இருக்கின்றன என்றால், அது பழைய கணக்கிலும் மெலலூக்காதான்.

10 மடங்கு பெருக்கும் கை லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு அதைவிட உதவும் சாமான் கிடையாது.

அப்புறம், இலைகள் தண்டில் எப்படி அமைந்திருக்கின்றன என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். மாறி மாறி ஒவ்வொன்றாகவா, எதிரெதிரே ஜோடியாகவா?

#3 மண்வெட்டி (பென்ரித்)

செடி அப்படியேதான் நிற்கிறது. பெயரை மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நான் ஒரு பெயரை மனப்பாடம் பண்ணி வாயில் நுழைவதற்குள் அது பழசாகிவிடுகிறது. இதனால் யாருக்கு லாபம்? லேபிள் அச்சடிப்பவனுக்குத்தான்.

#4 வாத்தியார் (டண்டினோங்)

மண்வெட்டி தம்பி, கோபம் விளங்குது. ஆனால் சும்மா மாற்றுகிறார்கள் என்று சொல்ல ஏலாது. பள்ளியில் பல வருடம் தாவரவியல் படிப்பித்தவன் என்ற முறையில் கொஞ்சம் விளக்கப் பார்க்கிறேன்.

காலிஸ்டெமோன் என்ற பேரினத்தை 1814ல் வகுத்தவர் ராபர்ட் பிரவுன். கேசரங்கள் (நீங்கள் மகரந்தத்தாள் என்பது) தனித்தனியாக இருந்தால் காலிஸ்டெமோன், ஐந்து கட்டுகளாகச் சேர்ந்திருந்தால் மெலலூக்கா. பார்க்கச் சுத்தமான கோடுதான். ஆனால் தொங்கு பாட்டில் பிரஷ் இருக்கிறதே, விமினாலிஸ், அதன் கேசரங்களின் அடியைப் பாருங்கள். ஒரு சின்ன வளையம்போல ஒட்டியிருக்கும். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. அந்தக் கோடு ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் தளம்பல்தான்.

பிறகு டிஎன்ஏ ஆய்வுகள் வந்தன. மெலலூக்கா என்று நாம் சொல்லும் பெரிய கூட்டத்துக்கு வெளியே அல்ல, அதற்குள்ளேயே ஒரு கிளையாகக் காலிஸ்டெமோன் இருப்பது தெரிந்தது. ஒரு தாத்தாவின் பேரப்பிள்ளைகளில் மூன்றாவது மகனின் பிள்ளைகளை மட்டும் பிரித்தெடுத்து, இவர்கள் வேறு குடும்பம், மற்ற எல்லோரும் ஒரே குடும்பம் என்றால் எப்படி இருக்கும்? அதே சிக்கல். தீர்க்க இரண்டு வழி. ஒன்று, பாட்டில் பிரஷையும் மெலலூக்காவுக்குள் சேர்ப்பது. மற்றது, 200க்கு மேல் இனங்கள் உள்ள மெலலூக்காவைத் துண்டு துண்டாக உடைத்துப் பல புதுப் பெயர்கள் வைப்பது. கன்பராவில் ஆஸ்திரேலிய தேசிய ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் நிலையம்) இருந்த லிண்ட்லி கிரேவன் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தார். 2006ல் பாட்டில் பிரஷ் இனங்களுக்கு மெலலூக்கா பெயர்களை வெளியிட்டார். 2014ல் பீபோர்ட்டியா, கலோதாம்னஸ் போன்ற மேற்கு ஆஸ்திரேலியப் பேரினங்களையும் அதே பெட்டிக்குள் போட்டார்கள்.

லேபிளில் சிட்ரினஸ் சிட்ரினா ஆனதையும் கவனியுங்கள். காலிஸ்டெமோன் லத்தீனில் ஆண்பால், மெலலூக்கா பெண்பால். பின்னால் வரும் பெயரின் விகுதியும் கூடவே மாறும். இது தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். இன்னொரு விதி: போய்ச் சேரும் வீட்டில் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஆள் இருந்தால் புதுப் பெயர் வைக்க வேண்டும். காலிஸ்டெமோன் சாலிக்னஸ் அப்படித்தான் மெலலூக்கா சாலிசினா ஆனது.

#5 மண்வெட்டி

விளக்கத்துக்கு நன்றி ஐயா. ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. கிரேவன் 2006ல் சொல்லிவிட்டார். சரி. பிறகும் எதற்கு இன்றைக்கும் பாதிப் பேர் காலிஸ்டெமோன் என்கிறார்கள்? சட்டம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? இதில் தீர்ப்புச் சொல்வது யார்?

#6 வேலிப்பருத்தி

யாரும் இல்லை. இங்கேதான் நிறையப் பேர் இடறுகிறார்கள். பெயரிடும் விதிமுறை உலகம் முழுக்க ஒன்றுதான். ஆனால் அது சொல்வது, 'நீ இந்தச் செடியை மெலலூக்காவில் வைத்தால் அதன் சரியான பெயர் இது. காலிஸ்டெமோனில் வைத்தால் சரியான பெயர் இது' என்பதை மட்டும். எதில் வைக்க வேண்டும் என்று விதிமுறை சொல்வதில்லை. அது ஆய்வாளரின் கருத்து. 2006ல் புதுப் பெயர் வந்ததால் பழைய பெயர் சட்டவிரோதமாகிவிடவில்லை.

அதனால்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. குயின்ஸ்லாந்து ஹெர்பேரியம் மெலலூக்கா விமினாலிஸ் என்கிறது. நியூ சவுத் வேல்ஸ் ஹெர்பேரியத்தின் பிளாண்ட்நெட் தளத்தில் தேடினால் காலிஸ்டெமோன் விமினாலிஸ் என்றே வரும். மாநில எல்லையைத் தாண்டினால் செடிக்குப் பெயர் மாறிவிடும். எல்லையில் நிற்கும் மரம் பாவம், எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்குமோ!

என் வழி: தோட்டத்தில் அலுமினியத் தகட்டில் இரண்டு பெயரையும் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் மை போனாலும் எழுத்து பள்ளமாக நிற்கும். நர்சரிக்குப் போகும்போது ரக வகைப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 'லிட்டில் ஜான்', 'கேப்டன் குக்' என்று ஒற்றை மேற்கோள் குறிக்குள் வரும் பெயர் இருக்கிறதே, அது பேரினம் மாறினாலும் மாறாது. காலிஸ்டெமோன் 'லிட்டில் ஜான்' வாங்கினாலும் மெலலூக்கா 'லிட்டில் ஜான்' வாங்கினாலும் அதே குட்டைச் செடிதான் வீட்டுக்கு வரும்.

#7 செவ்வந்தி

அருமை. இப்போது புரிகிறது.

மூன்றாவது செடியைப் பார்த்தேன். இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே வருகின்றன. ஒரு ஜோடி கிழக்கு மேற்கு என்றால் அடுத்த ஜோடி வடக்கு தெற்கு. இலை மற்ற இரண்டைவிட மென்மை. பூ செங்கல் சிவப்பு, கொஞ்சம் ஆரஞ்சு கலந்தது. கிளை நுனியில் இல்லாமல் உள்ளே பழைய குச்சியில் ஒளிந்துகொண்டு பூத்திருக்கிறது. ஒரு இழையை இழுத்தேன், கொத்தாக வந்தது! சின்னத் துடைப்பம் மாதிரி இருக்கிறது.

#8 வேலிப்பருத்தி

எதிரிலை, கட்டுக் கட்டான மகரந்தத்தாள், பழைய குச்சியில் ஆரஞ்சுச் சிவப்புப் பூ. மெலலூக்கா ஹைபெரிசிஃபோலியாவாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. சிட்னியைச் சுற்றி இயற்கையாகவே வளர்கிற புதர். இதற்கு இந்தப் பெயர்ச் சண்டையில் பங்கே இல்லை. பிரவுன் கணக்கிலும் மெலலூக்கா, கிரேவன் கணக்கிலும் மெலலூக்கா. நிம்மதியான செடி.

கத்தரிப்பதில் மட்டும் கவனம். முதல் இரண்டும் புதுக் கிளையின் நுனிப்பக்கம் பூப்பவை. பூ வாடியதும் அந்தப் பிரஷுக்குச் சற்றுக் கீழே வெட்டிவிட்டால் நன்றாகக் கிளைக்கும். மூன்றாவதை அப்படிச் சுற்றிலும் மழித்தால் பூ வெளியே தெரிய வசதியாக இருக்கும், ஆனால் பழைய குச்சிகளை ஒட்ட வெட்டிவிடாதீர்கள், பூவே அங்கேதான்.

இன்னொரு சிவப்பு ஏமாற்றுக்காரி குன்சியா பாக்ஸ்டெரி. மேற்கு ஆஸ்திரேலியா. பூவை மட்டும் பார்த்தால் பாட்டில் பிரஷ் என்றே சத்தியம் பண்ணுவீர்கள், மகரந்தத்தாளும் தனித்தனிதான். பழைய குச்சியைப் பாருங்கள். பாட்டில் பிரஷில் கட்டை போன்ற காய்கள் குச்சியைக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் இருக்கும். குன்சியாவில் காய் அப்படித் தங்காது.

#9 மாலதி (மார்னிங்டன் தீபகற்பம்)

குன்சியா என்ற பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். எங்கள் கடற்கரைப் பக்கம் மிகப் பெரிய குழப்பம் டீ ட்ரீதான். 'டீ ட்ரீ' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பேரினங்களைச் சொல்கிறார்கள். கடையில் விற்கும் டீ ட்ரீ ஆயில் மெலலூக்கா ஆல்டெர்னிஃபோலியாவிலிருந்து வருவது, அது வடக்கு நியூ சவுத் வேல்ஸ் பக்கத்துச் செடி. மானுகா தேன் லெப்டோஸ்பெர்மம் ஸ்கோபேரியம். எங்கள் கடற்கரையில் வளைந்து நெளிந்து நிற்பது இன்னொன்று.

லெப்டோஸ்பெர்மத்தையும் குன்சியாவையும் பிரிக்க லென்ஸ்கூட வேண்டாம். இரண்டுக்கும் ஐந்து இதழ், எங்கள் பக்கத்து வகைகளில் வெள்ளைப் பூ. மகரந்தத்தாள் இதழைவிடக் குட்டையாக இருந்து, இதழ்கள் தட்டுப்போல விரிந்து தெரிந்தால் லெப்டோஸ்பெர்மம். மகரந்தத்தாள் இதழைத் தாண்டி வெளியே நீட்டி, பூவே பஞ்சுபோலத் தெரிந்தால் குன்சியா. குன்சியா ஆம்பிகுவா பூத்திருக்கும்போது பக்கத்தில் போனால் தேன் வாசனை வரும், தேனீ சத்தமும் வரும்.

இப்போது பெயர்க் கதை. எங்கள் கடற்கரை டீ ட்ரீயை கேர்ட்னர் 1788ல் ஃபாப்ரிசியா லேவிகேட்டா என்றார். ஃபெர்டினாண்ட் வான் முல்லர் 1858ல் லெப்டோஸ்பெர்மம் லேவிகேட்டம் ஆக்கினார். அந்தப் பெயரில்தான் உலகம் முழுக்கத் தெரியும். 2023ல் பீட்டர் வில்சனும் மார்கரெட் ஹெசல்வுட்டும் லெப்டோஸ்பெர்மத்தையே பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். இப்போது அது காடியம் லேவிகேட்டம். ஆனால் மானுகா பழைய பெயரிலேயே இருக்கிறது.

இதில் எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. இந்தச் செடி சொந்த மண்ணில் நல்ல பிள்ளை, வெளியே போனால் அடாவடி. தென்னாப்பிரிக்காவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் களை. விக்டோரியாவுக்குள்ளேயே தன் இயல்பான இடத்தைத் தாண்டிப் பரவி மற்றச் செடிகளை அமுக்குகிறது. களைப் பட்டியல்கள் எல்லாம் பழைய பெயரில். புதிதாகத் தொண்டு செய்ய வரும் பிள்ளைகள் போனில் காடியம் என்று பார்த்துவிட்டு, 'அக்கா, இது பட்டியலில் இல்லையே, பிடுங்கலாமா?' என்று கேட்கிறார்கள். நான் காயைக் காட்டிவிடுவேன். மற்ற டீ ட்ரீ காய்களின் தலையில் பெரும்பாலும் ஐந்து பிளவு இருக்கும். இதில் எட்டு, ஒன்பது, பத்து என்று போகும், மேல்பக்கம் தட்டையாகச் சக்கரம் மாதிரி. அதைப் பார்த்தால் போதும், பெயர் எதுவானாலும் பிடுங்க வேண்டிய இடத்தில் பிடுங்கலாம்.

#10 நாவல்மரத்தான் (பிரிஸ்பேன்)

செவ்வந்தியின் லில்லி பில்லிக் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். எனக்கு மிகவும் பிடித்த கூட்டம், காரணம் என் பெயரிலேயே தெரியும். நம் ஊர் நாவல் மரம் சிசிஜியம் குமினி. லில்லி பில்லிகள் அதே பேரினம். பழத்தைக் கடித்துப் பாருங்கள், அந்த லேசான துவர்ப்பு எங்கேயோ கொண்டுபோய்விடும். நாவலையும் நம் பழைய புத்தகங்களில் யூஜீனியா ஜம்போலானா என்றுதான் போட்டிருப்பார்கள். ஆகவே இந்தத் தலைவலி நமக்குப் புதிதல்ல.

அக்மினா ஸ்மித்தியை இப்போது சிசிஜியம் ஸ்மித்தி என்கிறோம். மண்வெட்டி இதைக் கேட்டுவிட்டு உட்காருங்கள்: சிசிஜியம் ஸ்மித்தி என்ற பெயர் 1893ல் வந்தது, அக்மினா ஸ்மித்தி 1938ல். ஆக, புதுப்பெயர் என்று நாம் திட்டுவது பழைய பெயரைவிட மூத்தது!

நர்சரியில் வேலிக்கு விற்பவற்றில் மூன்றைத்தான் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்மித்தி, ஆஸ்ட்ரேல், பானிகுலேட்டம். பழம் இருந்தால் ஸ்மித்தியை உடனே பிடித்துவிடலாம். பழத்தின் தலையில் வட்டமாக ஒரு குழி மட்டும் இருக்கும், புல்லி இதழ்களின் மிச்சம் ஒட்டியிருக்காது. மற்ற இரண்டிலும் அந்த மிச்சம் கிரீடம்போல நிற்கும்.

ஆஸ்ட்ரேலையும் பானிகுலேட்டத்தையும் பிரிப்பதுதான் கஷ்டம். இளங்குச்சியைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். ஆஸ்ட்ரேலில் குச்சி நான்கு பட்டையாக, மெல்லிய இறக்கைகளோடு இருக்கும். அந்த இறக்கைகள் கணுவுக்குச் சற்று மேலே வந்து சேர்ந்து ஒரு குட்டிப் பை மாதிரி ஆகும். நகத்தின் நுனியை அதற்குள் விட்டுப் பார்க்கலாம். பானிகுலேட்டத்தில் அந்தப் பை இல்லை. பழம் கிடைத்தால் விதையைப் பிளந்து பாருங்கள். பானிகுலேட்டத்தின் ஒரே விதைக்குள் பல கருக்கள் இருக்கும், முளைக்கப் போட்டால் ஒன்றிலிருந்து பல நாற்று வரும். ஆஸ்ட்ரேலில் ஒன்றுதான்.

இது வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சி இல்லை. பானிகுலேட்டம் காட்டில் அழிவின் விளிம்பில் இருக்கிற செடி, நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையோரக் காடுகளில் மட்டும்தான் இயற்கையாக இருக்கிறது. வேலிக்கு வைத்த ஆஸ்ட்ரேலைக் காட்டி 'அழியும் இனம், வெட்டக்கூடாது' என்று பக்கத்து வீட்டோடு சண்டை போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், அதன் மறுதலையையும் பார்த்திருக்கிறேன்.

#11 செவ்வந்தி

நாவல்மரத்தான் அண்ணா, பை இருக்கிறது! 'சிசிஜியம்' தொட்டியில் இருப்பது ஆஸ்ட்ரேல். ஆனால் இலையெல்லாம் அம்மை போட்டது போலப் புள்ளி புள்ளியாகக் குழி. 'அக்மினா' தொட்டியில் அது இல்லை. இது ஏதாவது நோயா?

#12 நாவல்மரத்தான்

சிலிட் என்ற சின்னப் பூச்சி. இலையின் அடியைப் பாருங்கள், மேலே மேடு தெரியும் இடத்துக்குக் கீழே குழிக்குள் குட்டி உட்கார்ந்திருக்கும். செடி சாகாது, அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான். புதுத் தளிரை வெட்டி எறியுங்கள். ஸ்மித்திக்கும், லூமானி என்ற இன்னொரு லில்லி பில்லிக்கும் இந்தத் தொல்லை குறைவு. பெயர் தெரிந்து வாங்குவதில் இதுவும் ஒரு பயன்.

தளிரில் மஞ்சள் பொடி தூவியது போல இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அது மிர்ட்டில் ரஸ்ட், 2010 ஏப்ரலில் நியூ சவுத் வேல்ஸின் சென்ட்ரல் கோஸ்ட் பக்கம் முதலில் கண்டுபிடித்தார்கள். அந்தப் பூஞ்சைக்கும் பெயர் மாறிவிட்டது, புச்சினியா சிடியாக இருந்தது 2017ல் ஆஸ்ட்ரோபுச்சினியா சிடி ஆனது. மண்வெட்டி, நோய்க்கும் விடுதலை இல்லை!

#13 குன்னூர்க்காரி (அடிலெய்ட்)

இந்த இழையைப் படித்ததும் எங்கள் நீலகிரி ஞாபகம். அங்கே 'சீகை மரம்' என்று சொல்வது எல்லாம் ஆஸ்திரேலிய வாட்டில்தான். சோலைகளுக்கும் புல்வெளிக்கும் அது செய்த கெடுதல் தனிக்கதை. பழைய வனத்துறைப் புத்தகங்களில் அக்கேசியா மொல்லிசிமா, அக்கேசியா டெக்கரன்ஸ் என்று மாற்றி மாற்றி எழுதியிருப்பார்கள். இங்கே வந்தபிறகு அந்த மரத்தையே அதன் சொந்த ஊரில் பார்க்கிறேன், ஆனால் எது பிளாக் வாட்டில், எது சில்வர் வாட்டில் என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டிலும் புளிய இலை மாதிரிச் சின்னச் சின்ன இலை.

#14 வேலிப்பருத்தி

அக்கா, நல்ல கேள்வி. இலைக் காம்பின் மேல்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். நடு நரம்பில் சின்ன மேடுகள், அதாவது சுரப்பிகள் இருக்கும். டீல்பேட்டாவில் (சில்வர்) பக்கக் கிளைகள் ஜோடியாகச் சேரும் இடங்களில் மட்டும் ஒவ்வொன்று. மேர்ன்சியில் (பிளாக்) அந்த இடங்களிலும் இருக்கும், நடுநடுவேயும் ஒழுங்கில்லாமல் கூடுதலாக இருக்கும். டெக்கரன்ஸை லென்ஸ் இல்லாமலே பிடிக்கலாம். சிற்றிலைகள் நீளமாக, இடைவெளி விட்டு இருக்கும், இளங்கிளையைத் தொட்டால் வரிவரியாக மேடு தட்டும். பூவின் காலமும் உதவும்: டீல்பேட்டா குளிர்காலம் முடியும் முன்பே பளீர் மஞ்சள், மேர்ன்சி அதற்குப் பின்பு வெளிறிய மஞ்சள்.

மேர்ன்சி என்ற பெயரின் கதை வேடிக்கை. ஆஸ்திரேலிய மரம், ஆனால் 1925ல் பெல்ஜியக்காரர் டி வில்டெமன் பெயர் வைத்தது கென்யாவில் மேர்ன்ஸ் என்பவர் சேகரித்த மாதிரிக்கு. அங்கே நட்டு வளர்த்ததைப் பார்த்து ஆப்பிரிக்கச் செடி என்று நினைத்துவிட்டார்கள்.

#15 வாத்தியார்

அக்கேசியா என்ற சொல் வந்துவிட்டதால் நான் சும்மா இருக்க ஏலாது. பெயர் மாற்றங்களிலேயே பெரிய சண்டை இதுதான், அதில் நம்முடைய கருவேல மரமும் மாட்டிக்கொண்டது.

ஒரு பேரினத்தை உடைத்தால் பழைய பெயர் எந்தத் துண்டுக்குப் போக வேண்டும்? விதிப்படி, அந்தப் பேரினத்துக்கு வகை மாதிரியாக வைக்கப்பட்ட இனம் எந்தத் துண்டில் இருக்கிறதோ அதற்கு. அக்கேசியாவின் வகை மாதிரி கருவேலம். ஆகவே அக்கேசியா என்ற பெயர் ஆசியா, ஆப்பிரிக்கா பக்கத்துக் கருவேலங்களுக்குப் போயிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஏறத்தாழ ஆயிரம் வாட்டில்களும் ராக்கோஸ்பெர்மா ஆகியிருக்கும். ஆஸ்திரேலியர்கள் விடுவார்களா? வகை மாதிரியையே மாற்றி ஒரு ஆஸ்திரேலிய இனத்தை வைக்கக் கேட்டார்கள். தாவரப் பெயர்களைப் பரிசீலிக்கும் குழுவும் அதையே பரிந்துரைத்தது. 2005ல் வியன்னா மாநாட்டில் வாக்கெடுப்பு. எதிர்த்து வாக்களித்தவர்கள் 54.9 சதவீதம். ஆனால் குழுவின் பரிந்துரையைக் கவிழ்க்க 60 சதவீதம் வேண்டும் என்று வைத்திருந்தார்கள். பெரும்பான்மை எதிர்த்தும் பரிந்துரை நின்றது. 2011ல் மெல்பன் மாநாடு அதை உறுதிசெய்தது.

விளைவு, கருவேலம் இப்போது வாச்செல்லியா நைலோட்டிக்கா, வெள்வேலம் வாச்செல்லியா லூக்கோஃப்ளோயா. பெயருக்கு உரிய மரம் பெயரை இழந்தது, வாட்டில் வைத்துக்கொண்டது. ஆயிரம் செடிக்குப் பெயர் மாற்றுவதைவிட இது குறைந்த தொல்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனாலும் வாக்கெடுப்பு நடந்த முறையை என்னால் இன்னமும் ஏற்க முடியவில்லை.

#16 மண்வெட்டி

ஐயா, இதைத்தான் நான் முதல் பதிவிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்! அப்படியானால் சீமைக்கருவேலம்?

#17 வாத்தியார்

அது அக்கேசியா அல்ல தம்பி, புரோசோபிஸ். அதையும் 2022ல் பிரித்து நெல்டுமா ஜூலிஃபுளோரா ஆக்கிவிட்டார்கள். மதுரைப் பக்கம் போய் நெல்டுமா என்று சொல்லிப் பாருங்கள்.

#18 செவ்வந்தி

சின்ன இடைக்கேள்வி. நடைபாதை ஓரமாக எல்லா இடத்திலும் 'நேட்டிவ் ரோஸ்மேரி' வைத்திருக்கிறார்களே, அதைச் சமையலுக்குப் போடலாமா?

#19 மாலதி

வேண்டாம், அதில் வாசனையே கிடையாது. அது வெஸ்ட்ரிங்கியா ஃப்ரூட்டிகோசா. கணுவைப் பார்த்தால் பெரும்பாலும் நான்கு இலைகள் வட்டமாக இருக்கும். நிஜ ரோஸ்மேரியில் கணுவுக்கு இரண்டு. கசக்கி முகர்ந்தாலே தெரிந்துவிடும். நிஜ ரோஸ்மேரிக்கும் 2017ல் பெயர் மாறி சால்வியா ரோஸ்மரினஸ் ஆகிவிட்டது, அது வேறு விஷயம்.

போன் செயலியை நம்பும் எல்லோருக்கும் ஒன்று: பூவை மட்டும் படமெடுக்காதீர்கள். இலை தண்டில் அமர்ந்திருக்கும் விதம், இலையின் அடிப்பக்கம், பழைய காய், இந்த மூன்றும் வேண்டும். இதுவரை இங்கே சொன்ன அடையாளங்களில் பாதி, பூவின் அழகான படத்தில் தெரியாதவை.

#20 மண்வெட்டி

சரி, திட்டினாலும் எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஊசி இலைப் புதர் ஒன்று. தொட்டால் குத்துகிறது. பூ சிலந்தி மாதிரி வெள்ளை. முன்பு இருந்தவர்கள் கிரெவில்லியா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஹேக்கியா என்கிறார். எது?

#21 வேலிப்பருத்தி

காய் சொல்லும். கிரெவில்லியாவின் காய் தோல் மெலிந்தது, ஒரு பக்கம் வெடித்து விதையை உடனே கொட்டிவிடும், செடியில் தங்காது. ஹேக்கியாவின் காய் கட்டை. வருஷக்கணக்கில் கிளையிலேயே மூடிக்கொண்டு கிடக்கும். கிளை செத்தாலோ தீ பட்டாலோதான் இரண்டாகப் பிளந்து சிறகுள்ள இரண்டு விதையை விடும்.

வாத்தியார் ஐயா முந்திக்கொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: 2015ல் வந்த ஆய்வில் ஹேக்கியா, கிரெவில்லியாவின் கிளைகளுக்கு நடுவிலேயே போய் உட்கார்ந்தது. பாட்டில் பிரஷ் விவகாரம் போலவேதான். இரண்டையும் ஒன்றாக்கினால் மூத்த பெயர் நிற்கும். ஹேக்கியா 1798, கிரெவில்லியா 1809. ஆகவே நம் தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் உட்பட எல்லாக் கிரெவில்லியாவும் ஹேக்கியா ஆக வேண்டியிருக்கும்.

#22 வாத்தியார்

முந்திவிட்டீர்கள். ஆனால் டிரையாண்ட்ரா என்ற மேற்கு ஆஸ்திரேலியப் பேரினத்தை விட்டுவிட்டீர்கள். 2007ல் ஆஸ்டின் மாஸ்டும் கெவின் தீலும் அதை முழுசாக பாங்ஸியா என்ற பேரினத்தில் சேர்த்தார்கள். அங்கே பாங்ஸியா ஸ்பெஸியோசா ஏற்கெனவே இருந்ததால் டிரையாண்ட்ரா ஸ்பெஸியோசா பாங்ஸியா ஸ்ப்ளெண்டிடா ஆக வேண்டி வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் டிரையாண்ட்ரா வளர்த்தவர்கள் அப்போது மண்வெட்டியைவிட மோசமாகக் கத்தினார்கள்.

#23 மண்வெட்டி

காயைப் பார்த்தேன். பெரிய கோலிக்குண்டைவிடப் பெரிசு, மேலெல்லாம் சொரசொரப்பு, நுனியில் அலகு மாதிரி. கத்தியால் திறக்க முடியவில்லை. அப்படியானால் ஹேக்கியாதான், பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் எந்த ஹேக்கியா?

#24 வேலிப்பருத்தி

பென்ரித் பக்கம் என்றால் முதலில் இரண்டைச் சந்தேகப்படலாம், செரிசியா அல்லது கிப்போசா. இரண்டுக்கும் ஊசி இலை, இரண்டுக்கும் அந்தச் சொரசொரப்பான அலகுக் காய். தளிரைப் பார்த்து முடிவுகட்டாதீர்கள், இளசில் இரண்டிலும் முடி இருக்கும். கொஞ்சம் உள்ளே, போன வருஷத்து முற்றிய இலையைப் பாருங்கள். அதிலும் முடி நிறைய நின்றால் கிப்போசா. உதிர்ந்து வழவழப்பாக இருந்தால் செரிசியா. கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள்.

காயைக் கத்தியால் திறக்க முயலாதீர்கள், கையைக் கிழித்துக்கொள்வீர்கள். கிளையிலிருந்து வெட்டி ஒரு காகிதப் பையில் போட்டு வெயில் படும் ஜன்னலில் வையுங்கள். காய்ந்ததும் தானே வாயைத் திறக்கும். விதை கிடைத்தால் எனக்கும் இரண்டு அனுப்புங்கள்.